கொம்பு உதிர்த்த மான்

கண்ணா,

நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரிந்தேதான் இதைத் தமிழில் எழுதுகிறேன். இங்கிலீஷில் எழுதினால் எனக்கு ஆபீஸ் கடிதம் மாதிரி வந்துவிடும், நீயும் ஒரு நிமிஷத்தில் கண்ணை ஓட்டிவிட்டு ஃபோனை எடுத்துக்கொண்டு விடுவாய். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிக்கிறவனுக்கு நடுவில் கோபித்துக்கொண்டு எழுந்து போக மூச்சு இருக்காது. அதனால் உட்கார்ந்து மெதுவாகப் படி. ஒரு டம்ளர் காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்தாலும் சரி. இன்றைக்குக் கொலு முதல் நாள். படிகட்டி, வேட்டி விரித்து, பொம்மைகளை எல்லாம் அடுக்கி முடித்தாயிற்று. அப்பா கூடத்தில் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிறார். எதிர்ப்புறத்துப் பூஜைப் பந்தலில் மூங்கில் கட்டுகிறவர்கள் காலையிலிருந்து தட்டிக்கொண்டே இருக்கிறார்கள், அது அவர் காதில் விழவே இல்லை.

துர்கா பூஜைக்கு ஊரே வீட்டுக்குத் திரும்புகிற சஷ்டி அன்று நீ ஊரைவிட்டுக் கிளம்புகிறாய். கல்கத்தாவில் பிறந்தவன் பூஜைக்கு இல்லாமல் போவானா என்று கீழ்வீட்டு வங்காளி மாஷிமா இரண்டு தடவை கேட்டுவிட்டாள். ஸ்காட்லாந்தில் ஏதோ மலையடிவாரம், சிவப்பு மான்கள் திரிகிற காடு, அங்கே வருகிற பள்ளிக்கூடக் குழந்தைகளுக்கு மண்ணாலும் அட்டையாலும் துணியாலும் மானைச் செய்யவைத்து மானைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிற வேலை, ஒரு வருஷம். இதை நீ வந்து சொன்னபோது உன் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே நான் கேட்டேன், "ஸ்காட்லாந்து போயும் அட்டைதானேடா வெட்டப் போறே?" நீ "ஆமாம்மா" என்றாய். கையிலிருந்த அடைத் தட்டை மேஜையில் வைத்தாய். அடையில் பாதி அப்படியே இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு ஜாதவ்பூரில் உன் அறைக்கே திரும்பிப் போய்விட்டாய். அதற்கப்புறம் பதினோரு நாள் பேச்சில்லை. பன்னிரண்டாம் நாள் ஒரு செய்தி மட்டும் அனுப்பினாய், ஞாயிற்றுக்கிழமை இங்கே கடைசி வகுப்பு, ஒரு தடவையாவது வந்து பாரேன் என்று. முழங்கால் வலி என்று பதில் போட்டேன். முழங்காலுக்கு அன்றைக்கு ஒன்றுமே இல்லை.

நீ நியூ டவுன் ஆபீஸ் வேலையை விட்ட இந்த இரண்டு வருஷத்தில் நான் உன்னைப் பற்றிச் சொன்ன பொய்களை முதலில் சொல்லிவிடுகிறேன், பாரம் குறையும். சென்னை அத்தையிடம் நீ லீவில் இருக்கிறாய் என்றேன். லீவு ஒரு வருஷம் ஆனதும் கன்சல்டன்ட் என்றேன். கோவிலில் பார்க்கிற மாமிகளிடம் கல்வித்துறையில் பெரிய ஆளோடு சேர்ந்து ஏதோ செய்கிறான் என்றேன். அந்தப் பெரிய ஆள் நீயேதான் என்று அவர்களுக்குத் தெரியாது. ஞாயிறு தோறும் ஒரு கிளப் ஹாலில் இருபது குழந்தைகளோடு உட்கார்ந்து உருளைக்கிழங்கில் மான் குளம்பு அச்சு வெட்டுகிறான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முப்பத்தொரு வருஷம் அரசாங்க ஆபீஸில் ரிக்கார்டு அறையைப் பார்த்துக்கொண்டவள் நான். என் அறையில் ஒரு ஃபைல் அரை அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்காது. பெற்ற பிள்ளை நீட்டிக்கொண்டு நின்றால் தாங்குமா?

இப்போது நம் கொலுவில் நிற்கிற அந்த மண் மானுக்கு வருகிறேன். உனக்கு எட்டு வயசு. வகுப்பில் மிஸ் ஆளுக்கு ஒரு விலங்கு கொடுத்துப் படித்துவிட்டுச் செய்துகொண்டு வரச் சொன்னாள். உனக்குச் சிவப்பு மான் வந்தது. எங்கேயோ குளிர் தேசத்து மான், நாம் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. நீ ஒரு வாரம் பள்ளிக்கூட லைப்ரரிப் புத்தகத்தை விட்டு நகரவில்லை. காளிகாட்டில் பூஜை சாமான் கடையிலிருந்து அப்பாவைக் கங்கை மண் வாங்கி வரச் சொன்னாய். துர்கா பிரதிமை செய்கிறவர்கள் செய்கிறபடி மண்ணோடு சணலை வெட்டிப் போட்டுப் பிசைந்தாய். பாத்ரூம் வாளியிலிருந்து சமையலறை மேடை வரை எங்கே பார்த்தாலும் மண். நான் கத்திக்கொண்டே துடைத்தேன். மான் என்னவோ மானாகத்தான் வந்தது, கழுத்து மட்டும் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. காவி பூசினாய். பள்ளிக்கூடத்தில் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து, "இதைக் கொலுல வைம்மா" என்றாய். வைத்தேன். கடைசிப் படிக்குக் கீழே முளைப்பாரிப் புல்லுக்கு நடுவில், நீ சொன்ன இடத்தில்தான் வைத்தேன். அதுவரை என்மேல் தப்பு இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் மாமிகள் வெற்றிலை பாக்குக்கு வருகிற நேரம். சுண்டலைத் தாளித்துவிட்டு ஒருதரம் கொலுவைச் சரிபார்க்க வந்தேன். உன் மானின் தலையில் கொம்பு இல்லை. கொய்யாக் குச்சியில் நீ செய்த இரண்டு கொம்பும் அதன் காலடியில் புல்லில் கிடந்தன. தலையில் கொம்பு இருக்கவேண்டிய இடத்தில் கருஞ்சிவப்பாக இரண்டு பொட்டுத் துணி ஒட்டியிருந்தது. பிள்ளை செய்ததில் விரிசல் விட்டு, அதைத் துணியால் மறைத்திருக்கிறான் என்று நினைத்தேன். பாவம், வருகிறவர்கள் முன்னால் அவமானமாகப் போய்விடக் கூடாது என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. துணியைப் பிய்த்து எறிந்தேன். அலமாரியிலிருந்து பசை ட்யூபை எடுத்து இரண்டு கொம்பையும் தலையில் அழுத்தி ஒட்டினேன். சாய்ந்த கழுத்தைக்கூட நேராக்கப் பார்த்தேன், மண் விட்டுக்கொடுக்கவில்லை. நீ கீழ்வீட்டுப் பையன்களோடு பந்தல் பார்த்துவிட்டு வந்தாய். வந்ததும் கொலு முன்னால் நின்றாய்.

"ஏம்மா ஒட்டினே?"

"விழுந்து கிடந்துதுடா. நன்னா ஒட்டியிருக்கேன் பாரு, இனிமே அசையாது."

"விழலைம்மா. அதுவே போட்டது."

எனக்குப் புரியவில்லை. மாமிகள் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது, "சரி சரி, போய்க் கைகால் அலம்பிண்டு வா" என்று அனுப்பிவிட்டேன். நீ அழவில்லை, சண்டை போடவில்லை. அடுத்த வருஷம் கொலுவுக்கு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டதற்கு, "நீயே வைம்மா" என்றாய். அதற்கப்புறம் இந்த வீட்டில் உன் கையால் செய்த பொருள் ஒன்றுகூட வரவில்லை. அதோடு விட்டேனா? இருபத்தொரு வருஷமும் அந்த மானைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொலுவில் வைத்தேன். என் பிள்ளை எட்டு வயசில் செய்தது என்று வந்தவர்களிடம் எல்லாம் காட்டினேன். ஒவ்வொரு வருஷமும் நீ அதைப் பார்ப்பாய், பிறகு சுண்டலை எடுத்துக்கொண்டு உள்ளே போவாய். ஒருதடவையாவது திரும்ப வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்று உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் ஒருதடவை சொன்னாய், நான் கேட்கவில்லை, அதுதான் நடந்தது.

முழங்கால் வலிக்காரி ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றதை நீ பார்த்தாய். ஒன்றும் கேட்காமல் ஒரு நாற்காலி போட்டாய். அப்பாகூடச் சொன்னார், "போறதுன்னா போ, போய் அங்க வாயைத் தொறக்காம உக்காரு" என்று. மெட்ரோவில் வந்து, ஆட்டோ மாறி, உன் கிளப் வாசலில் கட்டியிருந்த மூங்கிலுக்கு அடியில் குனிந்து வந்தால், வாசற்படியிலிருந்து ஹால் வரைக்கும் தரையில் காவி நிறத்தில் குளம்பு அச்சு. உருளைக்கிழங்கை இரண்டாக வகுந்து குழந்தைகள் குத்தியது. லக்ஷ்மி பூஜைக்கு இந்த ஊர் வீடுகளில் அரிசிமாவில் பாதம் போடுவார்களே, அதே மாதிரி உள்ளே நடந்து போயிற்று. ஒரு அச்சு வரிசையைவிட்டு விலகிச் சுவர் ஓரம் போயிருந்தது. என் கட்டைவிரல் அதை அழித்துவிட்டுச் சரியாகப் போடத் துடித்தது, உண்மையைச் சொல்கிறேன். பக்கத்திலிருந்த ஒரு சின்னப் பெண், ஆறு வயசு இருக்கும், முன்பல் இரண்டும் இல்லை, தியா என்று பேர் சொன்னாள். என்னைப் பார்த்து வங்காளத்தில், அந்த மானுக்குத் தண்ணீர் தாகம், அதனால் அந்தப் பக்கம் போயிற்று என்றாள். நான் விரலை மடக்கிக்கொண்டேன்.

அப்புறம் அந்தக் குட்டி மான் விளையாட்டு. பெண் மான் குட்டியைப் புதரில் படுக்கவைத்துவிட்டு மேயப் போகும், குட்டி அசையாமல் கிடக்க வேண்டும், தாய் போகும்போது திரும்பிப் பார்த்தால் நரிக்கு இடம் தெரிந்துவிடும் என்று நீ சொன்னாய். தியா குட்டியாகப் பழுப்புக் காகிதத்துக்கு அடியில் சுருண்டு படுத்தாள். தாய்க்கு ஆள் போதவில்லை என்று என்னை எழுப்பினாயே, வேண்டுமென்றுதானே செய்தாய்? ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. எத்தனை தூரம் இருக்கும், இருபது அடி? மூன்று தடவை நடந்தேன், மூன்று தடவையும் திரும்பிப் பார்த்தேன், மூன்று தடவையும் நரி வந்து குட்டியைத் தூக்கிக்கொண்டு போயிற்று. காகிதத்துக்குள்ளிருந்து தியா தலையை நீட்டி, என்னைப் பாட்டியாக்கி, "திதா, நான் இங்கேயேதான் இருக்கிறேன், நீங்கள் போங்கள்" என்று அலுத்துக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அத்தனை நாளுக்குப் பிறகு உன் பல்லைப் பார்த்தேன். சஷ்டி அன்று ஏர்போர்ட்டிலும் நான் தோற்கத்தான் போகிறேன், அதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

நாற்காலியில் திரும்ப வந்து உட்கார்ந்தபிறகுதான் உன்னை வேடிக்கை பார்த்தேன். குழந்தைகள் ஆளுக்கொரு மண் மான்தலை செய்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணல். எந்தக் குழந்தை உன்னைக் கூப்பிட்டாலும் நீ பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முதலில் ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "நான் தொடட்டுமா?" குழந்தை சரி என்றால் தொட்டாய். ஒரு பையன் வேண்டாம் என்றான், நீ கையைப் பிரிக்கவே இல்லை, வாயால் மட்டும் பேசிவிட்டு எழுந்து வந்தாய். இருபது குழந்தைக்கும் இதே கேள்வி. இதை உனக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள் என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டிருக்கும்போதே தெரிந்துவிட்டது. பசை ட்யூபும் கையுமாக நின்ற நான்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அதற்குமேல் தியாவின் வேலை. அவள் தன் மான்தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். கொம்பு இல்லை. நெற்றிக்கு மேலே இரண்டு பொட்டு வெல்வெட் துணி. நான் சும்மா இருக்காமல் அதைத் தடவிப் பார்க்கக் கையை நீட்டினேன். "தொடாதீர்கள் திதா, அங்கே வலிக்கும்" என்றாள். வருஷா வருஷம் பழைய கொம்பு தானாக உதிருமாம், உதிர்ந்த இடத்திலேயே புதுசு முளைக்குமாம், முளைக்கிறபோது அதன்மேல் வெல்வெட் மாதிரி தோல் மூடியிருக்குமாம், உள்ளே ரத்தம் ஓடுமாம், அதனால் மான் அதை எதிலும் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுமாம். பாடம் ஒப்பிக்கிற மாதிரி வேகமாகச் சொல்லிவிட்டுத் தன் பல்லில்லாத ஈறைக் காட்டினாள், எனக்கும் அப்படித்தான் என்று. என் மோதிரப் பெட்டி ஞாபகம் வந்தது. அதன் உள் வெல்வெட்டில் இரண்டு வட்டம் குறைந்திருந்ததை அந்த வருஷம் பொங்கலுக்குத்தான் பார்த்தேன், எலி என்று நினைத்து அப்பாவைப் பொறி வாங்கி வரச் சொன்னேன். எலி இல்லை. நீ. விரிசல் இல்லை. முளை. முளையைப் பிய்த்துப் போட்டுவிட்டு, உதிர்ந்ததை எடுத்து ஒட்டி, நன்றாக இருக்கிறது பார் என்றேன். எட்டு வயசுப் பிள்ளையிடம். அன்றைக்கு நீ என்னை நம்பித்தானே கொடுத்தாய்? தப்புடா கண்ணா. பெரிய தப்பு. ஹாலில் எல்லார் முன்னாலும் கண்ணைத் துடைத்தால் நீ என்னவோ ஏதோ என்று பதறுவாய் என்று, பஸ் கிடைக்காது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அந்த வழியில் எனக்கு பஸ்ஸே தேவையில்லை, நீயும் அதைக் கேட்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. நீ நியூ டவுனில் இருந்தபோது ஒரு மழை நாளில் உன் ஃபோன் செத்துப்போய் உன் மேனேஜர் ஃபோனிலிருந்து என்னோடு பேசினாயே, அந்த நம்பரை நான் சேமித்து வைத்திருந்தேன். நீ வேலையை விட்ட மறுமாசமே அவரைக் கூப்பிட்டேன். பையன் ஏதோ அசட்டுத்தனமாகச் செய்துவிட்டான், திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். ஸ்காட்லாந்து சேதி வந்ததும் மறுபடியும் கூப்பிட்டேன். போன வியாழக்கிழமை அவரே கூப்பிட்டார். புது வேலை ஒன்று வந்திருக்கிறதாம், உன் பழைய இடத்தைவிட ஒரு படி மேலே, பூஜை முடிந்து வந்து சேர்ந்தால் போதுமாம், சஷ்டிக்குள் உன்னைக் கூப்பிடச் சொன்னார். சுண்டல் சாமான் எழுதின தாளின் பின்பக்கம் அதைக் குறித்து மரப்பாச்சிப் பெட்டிக்குள் ஒளித்து வைத்தேன். என் திட்டம் என்ன தெரியுமா? கொலு பார்க்க நீ எப்படியும் ஒருநாள் வருவாய், மாமிகள் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது தாளை எடுத்து நீட்டுவது. அவர்கள் முன்னால் உன்னால் சண்டை போட முடியாது, சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டிவரும். அதே கொலு, அதே மாமிகள், அதே பசை. எனக்கே இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

ஞாயிறு வீட்டுக்கு வந்து முதல் காரியமாக அவரைக் கூப்பிட்டு, என் பிள்ளை வரமாட்டான், நல்ல வேலைக்குப் போகிறான் என்று சொல்லிவிட ஃபோனை எடுத்தேன். அப்பா, "அதையும் நீதான் சொல்லணுமா?" என்று கேட்டார். அந்த மனுஷன் வருஷத்துக்கு ஒருதரம்தான் பேசுவார், பேசினால் இப்படித்தான். ஃபோனை வைத்துவிட்டேன். ஒட்டுவதும் என் வேலை இல்லை, பிய்ப்பதும் என் வேலை இல்லை. அதனால் அந்தத் தாள் இப்போது உன்னுடையது, நம்பரும் அதிலேயே இருக்கிறது. கூப்பிட்டாலும் சரி, கசக்கிப் போட்டாலும் சரி, மரியாதைக்கு ஒரு வார்த்தை பேசி வரவில்லை என்று சொன்னாலும் சரி. ஏன் எனக்குத் தெரியாமல் கேட்டாய் என்று என்னைத் திட்ட வேண்டுமானால் நேரில் வந்து திட்டு, ஃபோனில் வேண்டாம், காது சரியாகக் கேட்பதில்லை. போவதாக இருந்தால் எனக்குப் பயம் என்பதையும் எழுதிவிடுகிறேன். குளிர், தனி அறை, உன் இருமல், எல்லாவற்றுக்கும் பயம். சாம்பார்ப் பொடி அரைத்தாயிற்று. இன்று காலை சென்னை அத்தை கூப்பிட்டாள். என் பிள்ளை குழந்தைகளுக்கு மானைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கப் போகிறான் என்றேன். என்னது என்றாள். அட்டை வெட்டி, மண் பிசைந்து, கிழங்கில் குளம்பு குத்திச் சொல்லிக்கொடுப்பான், இருபது குழந்தை வாயைப் பிளந்துகொண்டு கேட்கும், நானே பார்த்தேன் என்றேன். பிறகு சம்பளம் எல்லாம் கேட்டாள், அதை விடு.

நேற்று மானைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து பிழிந்து கொம்பின் அடியில் ஒற்றிக்கொண்டே இருந்தேன். இருபத்தொரு வருஷத்துப் பசை, சாமானியத்தில் விடவில்லை. அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மானைப் பிடித்துக்கொண்டார். ஒருவழியாக இரண்டும் வந்துவிட்டன, வலது காதில் மட்டும் கொஞ்சம் மண் கரைந்து போயிற்று, மன்னித்துக்கொள். கடைசிப் படிக்குக் கீழே புல்லில் நீ சொன்ன இடத்திலேயே வைத்து, காலடியில் இரண்டு கொம்பையும் போட்டிருக்கிறேன். மேனேஜர் நம்பர் எழுதின தாள் அதற்குப் பக்கத்தில் மடித்து இருக்கிறது. இந்தக் கடிதத்தை அப்பா கையில் நாளைக்குக் காலையில் கொடுத்தனுப்புகிறேன், சஷ்டிக்கு இன்னும் நாள் இருக்கிறது. வா. மாமிகள் இல்லாத நேரமாகப் பார்த்து மத்தியானத்தில் வா, நீ வைத்துவிட்டுப் போன அந்தப் பாதி அடைக்குப் பதிலாக முழுசாக வார்த்துப் போடுகிறேன்.

மோதிரப் பெட்டியில் மிச்சமிருந்த வெல்வெட்டிலிருந்து நானே இரண்டு பொட்டு வெட்டி மானின் நெற்றியில் ஒட்டியிருக்கிறேன். ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு, இடதுபக்கத்தது காதுப்பக்கம் இறங்கிவிட்டது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன், நேராக்கவில்லை.

அம்மா